அடங்காத கடல்பாசி

“அந்த வீட்டுல எவளோ ஒருத்தி எதையோ மென்னு முழுங்கிக்கிட்டு இருக்கா, அதான் அது அப்படி ஆடுது.”

முடுக்கில் நடந்துபோன ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் இப்படிச் சொன்னது, அடுப்படி ஜன்னலுக்கு உள்ளே மாம்பழம் சீவிக்கொண்டிருந்த ருகையாவின் காதில் விழுந்தது. சொன்னது யார் என்று தெரியவில்லை. ஜன்னல் உயரத்தில் இருந்தது. இரண்டு ஜோடிச் செருப்புகளின் சத்தம் மட்டும் வந்து, தேய்ந்து, வளைவில் திரும்பி மறைந்தது. ருகையா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல உடனே எடுத்துக்கொண்டாள். அன்று ஒன்பதாம் நோன்பு.

கீழப்பட்டினத்தில் வீடுகளின் முதுகுகளுக்கு நடுவே பெண்கள் மட்டும் நடக்கும் சந்துகள் உண்டு, அவற்றுக்குத்தான் முடுக்கு என்று பெயர். ஆண்கள் தெருவில் போவார்கள், பெண்கள் முடுக்கில் போவார்கள், செய்திகளும் தின்பண்டங்களும் முடுக்கிலேயே போகும். நோன்பு மாதம் வந்துவிட்டால் சாயங்காலம் அஸர் தொழுகைக்கும் மக்ரிப் தொழுகைக்கும் இடையில் அந்தச் சந்துகளில் தட்டுகள் போவதும் வருவதுமாக இருக்கும், கஞ்சிச் சட்டியும் வடையும் சமோசாவும் ஒரு அடுப்படியிலிருந்து இன்னொரு அடுப்படிக்குப் போகும், போன தட்டு எதுவானாலும் வெறுமையாகத் திரும்பக்கூடாது. வைத்தனுப்ப ஒன்றுமில்லாத வீடு ஒரு பிடி சீனியாவது, இரண்டு பேரீச்சம்பழமாவது வைத்துத் திருப்பும். வெறும் தட்டை அனுப்புவதென்றால் அதன் பிறகு அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருள். அப்படி ஒரு தட்டு கடைசியாக எப்போது போனது என்று ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அந்த வருஷம் நோன்பு சித்திரையில் விழுந்திருந்தது. உப்பளத்துக் காற்று கண்ணைக் கரித்தது, மதியத்துக்கு மேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. நோன்பு திறக்கும்போது சில்லென்று ஏதாவது தொண்டையில் இறங்காதா என்று ஊரே ஏங்கியது. விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருந்த ருகையா, நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள், தன் பங்குக்குக் கடல்பாசி செய்யும் வேலையை எடுத்துக்கொண்டாள். வெள்ளை இழைகளைக் கத்தரியால் நறுக்கி ஊறவைத்து, சீனி போட்ட தண்ணீரில் கண்ணாடிபோலக் கரையும்வரை கிண்டி, இறக்கி வைத்து இளநீரை ஊற்றினாள். ட்ரேயில் மாம்பழத் துண்டுகளையும் தோல் நீக்கிய நுங்கையும் மாதுளை முத்துகளையும் பரப்பி, அதன்மேல் வடிகட்டி ஊற்றி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தாள். முதல் நோன்பன்று நோன்பு திறக்கும் பாங்குக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ட்ரேயை வெளியே எடுத்து மேசையில் வைத்தால், கடல்பாசி நன்றாக இறுகியிருந்தது, ஆனால் நடுங்கிக்கொண்டும் இருந்தது.

தொட்டால் ஆடுவது கடல்பாசியின் இயல்பு. இது தொடாமலே ஆடியது, நிற்காமல் ஆடியது, உள்ளங்கையில் பிடித்த கோழிக்குஞ்சின் நெஞ்சுபோலச் சின்னதாக, வேகமாக ஆடியது. வெட்டினால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக ஆடியது. விழுங்கினால் விலா எலும்புக்குக் கீழே இரவு இஷா தொழுகைவரை ஒரு மெல்லிய துடிப்பு இருந்துகொண்டே இருந்தது. ருகையாவின் உம்மா ஜெய்னம்பு, ஃப்ரிட்ஜ் மோட்டார் பழசாகிவிட்டது, அந்த அதிர்வுதான் என்று சொல்லிவிட்டு இரண்டு துண்டு சாப்பிட்டாள். ருகையா லாத்தா என்று கூப்பிடும் மூத்தவள் நஃபீலா மூன்று துண்டு சாப்பிட்டாள். ருசி அபாரமாக இருந்ததால் வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. மீதி, தட்டுத் தட்டாக முடுக்கில் இறங்கியது.

நாலாம் நோன்புக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஜெய்னம்பு வீட்டுக் கடல்பாசி வந்ததும் பிள்ளைகள் அதைக் காதருகே வைத்துக் கேட்டார்கள். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் குழாய் வைத்துப் பார்த்து நிமிஷத்துக்கு நூற்றுப்பத்து என்றார், பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் படபடப்பு, அவ்வளவுதான் என்றும் சொன்னார். துடிக்கிற பொருளை அறுக்காமல் தின்னலாமா என்று சிலர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டார்கள். ஹஜ்ரத் தாடியைத் தடவியபடி, மீனை யாராவது அறுத்தா தின்கிறோம், கடலில் விளைந்ததுக்கு அறுப்பு கிடையாது, கடல்பாசி கடலில் விளைந்தது, அதனால் சாப்பிடுங்கள், எனக்கும் ஒரு தட்டு அனுப்பச் சொல்லுங்கள் என்றார். அத்தோடு மார்க்க விஷயம் தீர்ந்தது.

ஆனால் சாப்பிட்டவர்களால் சும்மா உட்கார முடியவில்லை. இத்தனை வருஷம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதெல்லாம் விலாவுக்குக் கீழே இருந்து அவர்களைக் குத்தியது. பதினோரு வருஷமாக ஒற்றைக் கீலில் தொங்கிய பள்ளிவாசல் பின்கதவை, நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்த கையோடு தானே மாட்டினார். தையற்கார செய்யதம்மாள், ஒரு கல்யாணத்துக்காக வாங்கி வைத்திருந்த ரவிக்கைத் துணியைத் தைத்து முடித்து, இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாயாகிவிட்ட அந்த மணப்பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்து பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும், நடுவே செங்கல் வைத்து அடைத்திருந்த வாசலை ஆளுக்கொரு பக்கமாக இடித்தார்கள். முதல் ஓட்டை விழுந்ததும் தம்பி அதன் வழியாக, தூசி பறக்குது, கொஞ்சம் மெதுவா இடிங்க காக்கா என்றான், எட்டு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. பக்கத்து வீட்டு மைமூன் மாமி கண்புரை ஆபரேஷனுக்குப் பேர் கொடுக்கத் திருநெல்வேலி பஸ் ஏறினாள். திரும்பி வந்தவள் ஜெய்னம்புவிடம், உன் மகள் கிண்டுறது கடல்பாசி இல்ல, கண்டிப்பான வாத்தியாரம்மா என்றாள்.

ஊரில் அந்தக் கடல்பாசியைச் சாப்பிடாதவள் ருகையா ஒருத்திதான். செய்கிறவளுக்கு வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும் என்று சொல்லிக் கஞ்சியோடு எழுந்துவிடுவாள்.

அவளிடம் முப்பத்தெட்டு நொடி நீளமுள்ள ஒரு குரல் இருந்தது. நோன்புக்கு முந்தைய மாதமான ஷஃபான் இருபதாம் நாள் அது அவள் போனுக்கு வந்தது. ஹாங்காங்கில் வேலை பார்க்கும் நூஹு மச்சான், நஃபீலா லாத்தாவின் மாப்பிள்ளை, அதுவரை ருகையாவுக்குப் பெருநாள் வாழ்த்தைத் தவிர வேறெதுவும் அனுப்பியதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, போனைக் காதில் வைத்துக் கேட்டாள். இங்கே ஒரு நிக்காஹ் முடித்துவிட்டேன் என்று மச்சான் சொன்னார், இனி ஊருக்கு வருவதாக இல்லை, நஃபீலாவுக்கு என்ன செய்யணுமோ முறையாகச் செய்கிறேன், அவளிடம் எனக்கு நேரில் சொல்லத் தைரியமில்லை என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீ படிச்ச பொண்ணு ருகையா. நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்” என்றார். வாளி நிரம்பி வழிந்தது.

பக்குவம் எங்கே கிடைக்கும் என்று அவள் அன்றிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். லாத்தா தலை பின்னிக்கொள்ளும்போது சொல்லலாம் என்று சீப்பை எடுத்துக்கொண்டு போய், சிக்கெடுத்துவிட்டுத் திரும்பினாள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்று நினைத்து, அன்றைய நோன்பைக் கெடுக்க வேண்டாமே என்று விட்டாள். கடிதமாக எழுதி, அதில் ஒரு சொல் கடுமையாக இருக்கிறதென்று கிழித்தாள். வீட்டில் ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. மாடிக்குப் போனாள், இறங்கினாள், காய்ந்த துணியை மறுபடி நனைத்துக் காயப்போட்டாள், ஃப்ரிட்ஜைத் திறந்து ட்ரேயைப் பார்த்துவிட்டு மூடினாள். ட்ரே அவளைவிட அமைதியாக இருப்பதாகத் தோன்றியது. அந்தத் துண்டில் ஒன்று உள்ளே போனால், முப்பத்தெட்டு நொடியும் வாய்வழியாக வெளியே வந்துவிடும் என்று பயந்துதான் அவள் அதைத் தொடாமலிருந்தாள்.

இதற்கிடையில் முடுக்குப் பெண்கள் கடல்பாசிக்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்திருந்தார்கள். ஊரில் பாதி வீட்டு ஆண்கள் கடல் தாண்டி இருந்தார்கள், கடல்பாசியும் கடலுடையது, அதனால் எந்த வீட்டுத் துண்டு வேகமாக ஆடுகிறதோ அந்த வீட்டு ஆள் புறப்பட்டுவிட்டான் என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு வீடுகளில் அது பலிக்கவும் செய்தது. கொழும்பிலிருந்து ஒருவன், துபாயிலிருந்து ஒருவன், சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். அதன் பிறகு யாராலும் அந்த நம்பிக்கையை அசைக்க முடியவில்லை.

நஃபீலாவின் துண்டு எல்லாருடையதையும்விட வேகமாக ஆடியது.

மச்சான் ஒரு மாதமாகப் போன் செய்யாததற்கு அவள் தனக்குள் ஒரு காரணம் வைத்திருந்தாள்: திடீரென்று வந்து நிற்கத்தான் இந்த மௌனம். அந்த ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார், அவருக்கென்று ஓர் அறை இருக்கும். இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த அந்த அறையை நஃபீலா திறந்தாள். பெயிண்ட் அடிக்க ஆள் வரச்சொன்னாள், வெளிர்பச்சை அடித்தது பிடிக்காமல் இளமஞ்சள் அடிக்கச் சொன்னாள், கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தாள், மறுநாள் சுவர்ப்பக்கம் தள்ளினாள். ஜெய்னம்பு புது மெத்தைவிரிப்பு வாங்கினாள். நோன்பு வாயோடு நஃபீலா ஸ்டூலில் ஏறி ஃபேன் றெக்கையைத் துடைத்துக்கொண்டே, “மச்சானுக்கு இளமஞ்சள் பிடிக்கும்ல?” என்று கேட்டாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த ருகையா, பிடிக்கும் லாத்தா என்றாள்.

இன்னொன்றையும் ருகையா பார்த்துக்கொண்டு வந்தாள், அது தட்டைப் பற்றியது. மச்சானின் உம்மா பல்கீஸ் மாமி மூன்று தெரு தள்ளி இருந்தாள். அவள் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவே ஓடுவதற்கென்றே நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டு ஒன்று இருந்தது. கல்யாணத்தன்று மச்சான் வீட்டிலிருந்து கற்கண்டோடு வந்த தட்டு அது, நாலு வருஷமாக ஒருதடவைகூட வெறுமையாக எந்தப் பக்கமும் போனதில்லை. மாமி சிக்கனக்காரி. முந்தைய வருஷங்களில் அவள் திருப்பும் தட்டில் நாலு பேரீச்சம்பழம் இருக்கும், எண்ணி நாலு. இந்த வருஷம் முதல் நோன்பன்றே தட்டு நிறைய, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம் வந்தது. பிறகு முழுக்கோழி வந்தது. பதினைந்தாம் நோன்பன்று தட்டின்மேல் மடித்து வைத்த பட்டுத் துணி வந்தது. மாமிக்கு இப்பத்தான் மருமவ மேல பாசம் பொங்குது என்று மைமூன் மாமி கிண்டல் செய்தாள், நஃபீலா வெட்கப்பட்டாள். மகன் வரப்போகும் சந்தோஷம் என்று ஜெய்னம்பு சொன்னாள். வேலைக்காரப் பெண் மூலமாகவே தட்டை வாங்கி, அவள் மூலமாகவே கொடுத்தனுப்பும் மாமி ஒருநாளும் வாசலுக்கு வந்து முகம் காட்டாததை ருகையா மட்டும் கவனித்தாள்.

இருபத்தாறாம் நோன்பன்று வேலைக்காரப் பெண் இல்லை. கடல்பாசித் தட்டோடு பின்வாசலில் நின்ற ருகையாவுக்கு பல்கீஸ் மாமியே கதவைத் திறந்தாள். மாமி மெலிந்திருந்தாள். தட்டை வாங்கினாள், நடுங்கும் துண்டுகளைப் பார்த்தாள், உள்ளே போகாமல் நின்றாள்.

“உங்க லாத்தா எனக்கு ரொம்பப் பெரிய பாடம் நடத்துறா, ருகையா” என்றாள். “நான் மூஞ்சி காட்ட முடியாம இருக்கேன். அவ தினமும் தட்டு அனுப்பிக்கிட்டே இருக்கா.”

ருகையாவுக்கு முதலில் புரியவில்லை. மாமி தொடர்ந்தாள். மகன் செய்ததைக் கேட்டதும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, முதல் நோன்பன்று தட்டு வராது, வந்தாலும் வெறுமையாக வரும் என்றுதான் காத்திருந்தேன் என்றாள். தட்டு நிறைந்து வந்தது. மறுநாளும் வந்தது. தட்டு வருகிறதென்றால் உறவை அறுக்கவில்லை, பொறுத்துக்கொண்டாள் என்றுதானே அர்த்தம்.

“அவன்கிட்டயும் அதத்தான் சொன்னேன். நஃபீலா பொறுத்துக்கிட்டா, அந்தப் புள்ளைக்கு மனசு பெருசு, நீ நிம்மதியா இருன்னு சொன்னேன்.”

“மாமி” என்றாள் ருகையா. மாமி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், பிறகு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“உன்கிட்ட சொல்லிவிட்டிருக்கேன்னானே அவன். நீ அவகிட்ட இன்னும் சொல்லலையா?”

முடுக்கில் இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாமி சட்டென்று உள்ளே போய், தட்டைக் காலி செய்து, மறுபடி வட்டலப்பத்தால் நிரப்பி, விளிம்புக்கு மேல் வழியும்படி நிரப்பிக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். வேறென்ன வைத்தனுப்புவதென்று அவளுக்கும் தெரியவில்லை.

திரும்பி நடந்த தூரம் முழுவதும் ருகையாவுக்குத் தட்டு கனத்தது. தான் எதுவும் சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், ஒவ்வொரு சாயங்காலமும் தன் கையாலேயே மாம்பழமும் நுங்கும் வைத்து, லாத்தாவுக்கே தெரியாமல், லாத்தாவின் பதிலைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு ஹாங்காங்கில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, ருகையா ட்ரேயிலிருந்து ஒரு துண்டு கடல்பாசி எடுத்து வாயில் போட்டாள். இளநீரும் மாம்பழமும் சில்லென்று இறங்கின. விலாவுக்குக் கீழே துடிப்பு தொடங்கியது. அவள் மக்ரிப் தொழுதாள், ஸலாம் கொடுத்தாள், தொழுகைப் பாயை மடிக்காமலே எழுந்து மஞ்சள் அறைக்குப் போனாள்.

நஃபீலா புது மெத்தைவிரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். ருகையா கதவைச் சாத்தினாள். கடிதத்தில் எழுதிக் கிழித்த சொற்களில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“லாத்தா, மச்சான் வரமாட்டாங்க. அங்கே இன்னொரு நிக்காஹ் முடிச்சிட்டாங்க. உங்ககிட்ட என்னைச் சொல்லச் சொன்னாங்க” என்றாள். போனை எடுத்து, முப்பத்தெட்டு நொடியையும் போட்டுக் காட்டினாள்.

நஃபீலா கேட்டாள். முடிந்ததும் தானே கைநீட்டி மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டாள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, துடைத்த றெக்கைகள் சத்தமில்லாமல் சுற்றின.

“எப்ப வந்தது?”

“ஷஃபான் இருபது.”

நஃபீலா விரலில் எண்ணினாள். “முப்பத்தஞ்சு நாள். நான் ஸ்டூல்ல ஏறி நிக்கிறேன், நீ கீழ நின்னு பிடிச்சுக்கிட்டிருக்கே.”

ருகையா அழுதாள். நஃபீலா அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. மெத்தைவிரிப்பின் ஓரத்தை இழுத்துச் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். பிறகு, மாமிக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

“தெரியும். நீங்க பொறுத்துக்கிட்டீங்கன்னு நெனச்சிருக்காங்க. தட்டு போய்க்கிட்டே இருந்ததால. மச்சான்கிட்டயும் அப்படியே சொல்லிட்டாங்க.”

“நான் பொறுத்துக்கிட்டேன்னா?” என்றாள் நஃபீலா, மெதுவாக, ஒரு கணக்கைச் சரிபார்ப்பவள்போல.

அன்றிரவு இரண்டு பேரும் உம்மாவிடம் சேர்ந்து சொன்னார்கள். ஜெய்னம்பு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஊருக்கு என்ன சொல்வது என்று கேட்டாள்.

மறுநாள் மதியம் ருகையா வழக்கம்போல இழைகளை ஊறவைத்தாள், கரைத்தாள், நுங்கின் தோலை நீக்கினாள். இன்றைக்கு ட்ரே சும்மா கிடக்கும் என்று அவள் உறுதியாக நம்பினாள். ஜன்னலுக்கு வெளியே கேட்ட குரல் சொன்னது சரியானால், மென்று முழுங்க இந்த வீட்டில் இனி ஒன்றுமில்லை. பாங்குக்குப் பத்து நிமிஷம் முன்பு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கடல்பாசி நடுங்கிக்கொண்டிருந்தது, நேற்றைவிடக் கொஞ்சம் வேகமாகவே. அவள் ஏமாற்றத்தோடு ட்ரேயை மேசையில் வைத்தாள். மைமூன் மாமி வந்து ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, உங்க வீட்டு ஆளு பக்கத்துல வந்துட்டார் போல நஃபீலா, என்னமா ஆடுது பாரு என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நோன்பு திறந்தார்கள். நஃபீலா தன் துண்டுகளை நிதானமாகச் சாப்பிட்டாள், ஒன்று, இரண்டு, மூன்று. ட்ரேயைத் துடைத்து எடுத்ததுபோல மிச்சமிருந்த ஒன்றையும் சாப்பிட்டாள். கையைக் கழுவினாள். தொழுதாள். அடுப்படிக்குப் போய், நீலப்பூத் தட்டில் நேற்றிலிருந்து தொடாமல் இருந்த வட்டலப்பத்தை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி மூடிவைத்தாள். தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், விளிம்பிலிருந்த பூக்களின் இடுக்கையும் நகத்தால் சுரண்டிக் கழுவினாள், துணியால் ஈரம் போகத் துடைத்தாள். ருகையா கைநீட்டினாள், அவள் கொடுக்கவில்லை. துப்பட்டியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பின்வாசலை விட்டுவிட்டு முன்கூடத்துக்கு வந்து, தெருக்கதவின் தாழை நீக்கினாள். ஜெய்னம்பு, அந்தப் பக்கம் ஆம்பளைங்க வருவாங்கடி என்றாள்.

பள்ளிவாசலிலிருந்து மக்ரிப் முடித்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்த தெருவின் நடுவே, நஃபீலா தட்டை மார்புக்கு நேராக இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள், தட்டைப் பார்த்தார்கள். மூன்று தெருவையும் அவள் அப்படியே கடந்து, பல்கீஸ் மாமி வீட்டு முன்வாசலில் நின்று, கதவு திறக்கும்வரை காத்திருந்து, வெறும் தட்டை மாமியின் கையில் கொடுத்தாள்.